விபத்துகள் இல்லாவிட்டால் நம் ஆயுள் எவ்வளவு கூடும்?

மாணவர்களே, மலேசியர்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 75 ஆண்டுகள் என்று நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள். பெண்களுக்கு அது சற்று அதிகம். ஆண்களுக்குச் சற்றுக் குறைவு. இரு பாலருக்கும் இடையே சுமார் 5 ஆண்டு வேறுபாடு இருக்கிறது.

இந்த 75 என்ற எண் எதைச் சொல்கிறது? எல்லாரும் 75 வயதில் இறந்துபோகிறார்கள் என்றா? உங்கள் தாமானிலேயே 90 வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கக்கூடும். அதே தாமானில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு சாலை விபத்தில் இறந்துபோன ஓர் அண்ணனைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பாட்டியும் அந்த அண்ணனும் சேர்ந்துதான் 75 என்ற எண்ணை உருவாக்குகிறார்கள்.

அப்படியானால், அந்த அண்ணனின் விபத்து நடக்காமல் தடுத்திருந்தால் இந்த எண் எவ்வளவு மாறும்? ஒரு நாட்டில் விபத்துச் சாவுகளே இல்லாமல் போனால் எல்லாரும் 100 வயது வரை வாழ்வார்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் ஆரம்பப்பள்ளியில் படித்த கூட்டல், பெருக்கல், வகுத்தலே இதற்குப் போதும்.

சராசரி ஆயுளை எப்படிக் கணிக்கிறார்கள்?

இன்று பிறந்த குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எந்தெந்த வயதினர் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. புள்ளியியலாளர்கள் அதை எடுத்துக்கொண்டு, கற்பனையாக 1 லட்சம் குழந்தைகளை ஒரே நாளில் 'பிறக்க' வைக்கிறார்கள். முதல் வயதில் இத்தனை பேர் குறைவார்கள், இரண்டாம் வயதில் இத்தனை பேர் குறைவார்கள் என்று அந்த ஆண்டின் இறப்பு விகிதத்தைக் கொண்டே கடைசி ஆள் இருக்கும் வரை கழித்துக்கொண்டு போகிறார்கள். முடிவில், அந்த 1 லட்சம் பேரும் வாழ்ந்த ஆண்டுகள் அனைத்தையும் கூட்டி 1 லட்சத்தால் வகுக்கிறார்கள். கிடைப்பதுதான் பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள். சுருக்கமாகச் சராசரி ஆயுள் என்கிறோம். இந்த அட்டவணைக்கு வாழ்நாள் அட்டவணை என்று பெயர்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. லண்டனில் துணிமணி வணிகம் செய்த ஜான் கிராண்ட் என்பவர், நகரில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து 1662ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். வால்மீனுக்குத் தம் பெயரைத் தந்த எட்மண்ட் ஹேலி, இன்று போலந்து நாட்டில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693இல் ஒரு வாழ்நாள் அட்டவணையை வெளியிட்டார்.

ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். 10 பேர் கொண்ட ஒரு குழுவில் 9 பேர் 80 வயது வரை வாழ்கிறார்கள். ஒருவர் 20 வயதில் இறந்துவிடுகிறார். எல்லாருடைய வயதையும் கூட்டினால் 740. சராசரி 74. ஒருவரின் சாவு, 10 பேரின் சராசரியிலிருந்து 6 ஆண்டுகளைப் பிடுங்கிவிட்டது. மாறாக, அந்த ஒருவர் 70 வயதில் இறந்திருந்தால்? சராசரி 79. இழப்பு 1 ஆண்டு மட்டுமே.

ஆக, சராசரி ஆயுளைப் பொறுத்தவரை எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு எந்த வயதில் இறந்தார்கள் என்பதும் முக்கியம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்னோலி போட்ட கணக்கு

ஒரு குறிப்பிட்ட காரணத்தால் வரும் சாவை மட்டும் நீக்கினால் ஆயுள் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு முதலில் விடை தேடியவர் டேனியல் பெர்னோலி. இயற்பியல் பாடத்தில், விமான இறக்கையைப் பற்றிப் படிக்கும்போது வருகிறதே பெர்னோலி தத்துவம், அதே பெர்னோலிதான்.

அவர் காலத்து ஐரோப்பாவில் பெரியம்மை குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1760இல் அவர் பாரிஸ் அறிவியல் கழகத்தில் தம் கணக்கை முன்வைத்தார். ஹேலியின் அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு வயதிலும் பெரியம்மையால் இறந்தவர்களை மட்டும் சாகாமல் விட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பெரியம்மை இருக்கும் உலகில் சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதம். இல்லாத உலகில் 29 ஆண்டு 9 மாதம் என்று விடை வந்தது. சுமார் 3 ஆண்டு கூடுதல்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரியம்மையிலிருந்து தப்பிய குழந்தை சாகாவரம் பெற்றுவிடவில்லை. அது தொடர்ந்து வாழும். பிறகு வேறு காய்ச்சலோ முதுமையோ அதன் உயிரை எடுக்கும். எனவே காப்பாற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் அந்த வயதில் மற்றவர்களுக்கு மீதமிருக்கும் சராசரி ஆயுளைத்தான் தரவேண்டும். அதற்கு மேல் தரக்கூடாது. பெர்னோலி இதைச் சரியாகச் செய்தார். இன்றும் புள்ளியியலாளர்கள் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

நம் சாலைகளுக்கு அந்தக் கணக்கு

இப்போது பெரியம்மையின் இடத்தில் சாலை விபத்தை வைப்போம். மலேசியச் சாலைகளில் 2016ஆம் ஆண்டில் 7,152 பேர் இறந்தார்கள். 2019இல் 6,167 பேர். அந்த ஆண்டில் நம் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 25 லட்சம். வகுத்துப் பார்த்தால், 1 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 19 பேர்.

ஒரு லட்சத்தில் 19 என்பது மிகச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இது ஓர் ஆண்டுக்கான அபாயம். நாம் ஓர் ஆண்டு மட்டுமா வாழ்கிறோம்? கணக்கை எளிமையாக்க, எல்லா வயதிலும் இதே அபாயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: 19ஐ 75 ஆண்டுகளால் பெருக்குங்கள். 1,425 வரும். அதாவது 1 லட்சம் பேரில் 1,425 பேர் வாழ்நாளில் எப்போதாவது ஒரு நாள் சாலையில் உயிரிழப்பார்கள். ஆயிரம் பேருக்கு 14 பேர்.

இரண்டாம் படி: இப்படி இறப்பவர்களில் இளைஞர்களும் உண்டு, முதியவர்களும் உண்டு. ஒவ்வொருவரும் சராசரியாக 40 ஆண்டு வாழ்வை இழப்பதாகக் கொள்வோம். 14 பேருக்கு 40 ஆண்டு வீதம் மொத்தம் 560 ஆண்டுகள்.

மூன்றாம் படி: 560ஐ 1,000 பேருக்குப் பங்கிடுங்கள். ஆளுக்கு 0.56 ஆண்டு. ஏறத்தாழ 200 நாள்.

இது தோராயக் கணக்குத்தான். புள்ளியியலாளர் ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியாகப் போடுவார். ஆனால் சாலைச் சாவுகள் முற்றிலும் இல்லாமல் போனால் மலேசியரின் சராசரி ஆயுள் அரை ஆண்டுக்குச் சற்றே கூடுதலாக உயரும் என்ற அளவு நமக்குப் புரிந்துவிட்டது. 75 என்பது 75 ஆண்டு 6 மாதமோ 7 மாதமோ ஆகும். 100 ஆகாது.

'இவ்வளவுதானா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படியானால் அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

அந்த 200 நாள் யாருக்குக் கிடைக்கும்?

திங்கட்கிழமை காலைச் சபைகூடலை நினைத்துக்கொள்ளுங்கள். 1,000 மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். சாலை விபத்துகளைத் தடுத்துவிட்டால் இவர்களின் சராசரி ஆயுள் 200 நாள் கூடும் என்கிறது கணக்கு. ஆனால் உண்மையில் இந்த 1,000 பேரில் ஒருவருக்குக்கூட 200 நாள் கூடுதலாகக் கிடைக்காது!

986 பேருக்கு ஒரு நாள்கூடக் கூடாது. ஏனென்றால் அவர்கள் எப்படியும் சாலையில் இறக்கப்போவதில்லை. மீதி 14 பேருக்கோ ஆளுக்கு 40 ஆண்டுகள் கிடைக்கும். சிலருக்கு 60 ஆண்டு. அந்த 60 ஆண்டில் படிப்பு, வேலை, திருமணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அடங்கும். சராசரி என்பது 14 பேரின் பெரிய இழப்பை 1,000 பேரின் தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிடுகிறது. அதனால்தான் அது சிறியதாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. வரிசையில் நிற்கும் அந்த 14 பேர் யார் என்று தலைமையாசிரியருக்குத் தெரியாது, பெற்றோருக்குத் தெரியாது, அந்த 14 பேருக்கும் தெரியாது. ஆகவே அவர்களை மட்டும் தனியே அழைத்துப் பாதுகாக்க வழியில்லை. 14 பேரைக் காப்பாற்ற வேண்டுமானால் 1,000 பேரும் தலைக்கவசம் அணிய வேண்டும். 1,000 பேரும் சீட் பெல்ட் போட வேண்டும். அவர்களில் 986 பேருக்கு வாழ்நாள் முழுவதும் அதனால் உயிர் தப்பிய அனுபவமே இருக்காது.

இந்த விநோதத்தை ஜெப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1980களில் தெளிவாக எடுத்துச் சொன்னார். சமுதாயம் முழுமைக்கும் பெரும் பயன் தரும் ஒரு தடுப்பு நடவடிக்கை, அதைப் பின்பற்றும் ஒவ்வொரு தனி மனிதருக்கும் மிகச் சிறிய பயனையே தருவதாகத் தோன்றும். இதைத் தடுப்பு முரண் என்பார்கள்.

'பக்கத்துக் கடைக்கு ரொட்டி வாங்கத்தானே போகிறேன், தலைக்கவசம் எதற்கு? நூறு முறை போயிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே' என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. நூறு முறையும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும். ஒரு பயணத்தின் அபாயம் அவ்வளவு சிறியது. ஆனால் கோடிக்கணக்கான பயணங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது அந்தச் சிறிய அபாயம்தான் ஆண்டுக்கு 6,000 குடும்பங்களின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. நம் சொந்த அனுபவம் இதைக் காட்டிக்கொடுக்காது. புள்ளிவிவரம் மட்டுமே காட்டும்.

சிறிய பங்கு, பெரிய எடை

2019இல் நாட்டில் நிகழ்ந்த மொத்த இறப்புகள் சுமார் 1 லட்சத்து 73 ஆயிரம். அதில் சாலைச் சாவுகளின் பங்கு 100க்கு 4ஐக்கூட எட்டவில்லை. இதய நோயும் நுரையீரல் தொற்றும் அதைவிட அதிகம் பேரின் உயிரைப் பறிக்கின்றன. ஆனால் மலேசியப் புள்ளியியல் துறையின் அறிக்கைகளை வயதுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். 15 முதல் 40 வயது வரையுள்ளவர்களின் இறப்புக்கு முதன்மைக் காரணமாகப் பல ஆண்டுகளில் பதிவானது போக்குவரத்து விபத்து. உலக அளவிலும் இதே கதைதான். ஆண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலைகளில் இறக்கிறார்கள் என்றும், 5 முதல் 29 வயதுடையோரின் இறப்புக்கு அதுவே முதல் காரணம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

20 வயது இளைஞருக்கு இன்னும் சுமார் 56 ஆண்டு வாழ்வு மீதமிருக்கிறது. 80 வயது முதியவருக்குச் சுமார் 8 ஆண்டு. ஆகவே சராசரி ஆயுள் கணக்கில், ஓர் இளைஞரைக் காப்பாற்றுவது 7 முதியவர்களைக் காப்பாற்றுவதற்குச் சமமாகிறது. இதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். தாத்தாவின் உயிர் மலிவானது என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. இழந்த ஆண்டுகளை மட்டும்தான் அது எண்ணுகிறது. இழந்த மனிதரின் மதிப்பை எந்த அட்டவணையாலும் எண்ண முடியாது.

ஆண், பெண் ஆயுள் வேறுபாட்டிலும் விபத்துக்குப் பங்குண்டு. நம் நாட்டில் சாலையில் இறப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். புகைப்பழக்கம், இதய நோய் எனப் பிற காரணங்கள் இருந்தாலும், ஆண்களின் சராசரியைக் கீழே இழுக்கும் கைகளில் சாலையும் ஒன்று.

தலைக்கவசத்தின் இயற்பியல்

தலைக்கவசம் உண்மையிலேயே உயிர் காக்கிறதா? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளிவந்த மதிப்பாய்வு, விபத்தில் சிக்கும் மோட்டார் சைக்கிளோட்டியின் இறப்பு அபாயத்தைத் தலைக்கவசம் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டது.

எப்படி? படிவம் 4 இயற்பியலில் உந்தம், கணத்தாக்கு விசை பற்றிப் படிக்கிறீர்கள் அல்லவா? இங்கே அதுதான் வேலை செய்கிறது. தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுகிறது என்று கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இந்த வேகம் வந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்.

விழும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதும், தலை நிற்பதற்குள் தீர்ந்தாக வேண்டும். தார்ச்சாலை நசுங்காது. வெறுந்தலை வெறும் 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால், 1.5 மீட்டரை 2 மில்லிமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: 750. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 750 மடங்கு தாக்கம் மூளையின் மேல் விழுகிறது. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் பாலிஸ்டைரின் நுரை 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால்? 1.5 மீட்டரை 25 மில்லிமீட்டரால் வகுத்தால் 60. தாக்கம் 750 மடங்கிலிருந்து 60 மடங்காகக் குறைந்துவிட்டது. அந்த 23 மில்லிமீட்டர் இடைவெளிதான் உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கிறது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, நசுங்கிய நுரை மறுபடி உப்பி வராது. ஒரு முறை பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். இரண்டு, தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் தலை தரையைத் தொடும் முன்பே கவசம் பறந்துவிடும். தலையில் இல்லாத கவசத்துக்கு எந்த இயற்பியல் விதியும் உதவாது.

நாடுகள் எப்படிச் சாதித்தன?

விபத்தை 'விதி' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் விதி நாட்டுக்கு நாடு மாறுமா? சட்டம் வந்த மறுமாதமே குறையுமா?

வியட்நாமில் 2007 டிசம்பர் 15ஆம் தேதி முதல் மோட்டார் சைக்கிளில் செல்லும் எல்லாரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. அதுவரை பெரும்பாலோர் வெறுந்தலையுடன் சென்ற நகரங்களில், சில வாரங்களிலேயே 10 பேரில் 9 பேருக்கும் மேல் அணியத் தொடங்கினர். சட்டத்துக்கு முன்னும் பின்னுமாக மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட சாலை விபத்து நோயாளிகளை ஒப்பிட்டபோது, தலைக்காய அபாயம் 16 விழுக்காடும் இறப்பு அபாயம் 18 விழுக்காடும் குறைந்திருந்தன.

நம் நாட்டுக்கும் பெருமைப்படத்தக்க கதைகள் உண்டு. தலைக்கவசத்தை நாம் 1973ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கிவிட்டோம். அதே பத்தாண்டின் தொடக்கத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனித்தடம் அமைக்கப்பட்டது. உலகில் இவ்வகைத் தடங்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. 1990களில் அந்தத் தடம் நீட்டிக்கப்பட்டபோது, அப்பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 39 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. லாரியும் மோட்டார் சைக்கிளும் ஒரே தடத்தில் ஓடாவிட்டால் அவை மோதிக்கொள்ள முடியாது. அவ்வளவுதான் அதன் இரகசியம்.

1992இல் இன்னொரு மாற்றம் வந்தது. பகலிலும் மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 'வெயிலில் விளக்கா?' என்று சிரித்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் மற்ற ஓட்டுநர்களின் கண்ணில் படாததால் நிகழும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் அதன்பின் சுமார் 29 விழுக்காடு குறைந்தன. காரில் முன்னிருக்கைக்குச் சீட் பெல்ட் 1979இலும், பின்னிருக்கைக்கு 2009இலும் கட்டாயமாயின.

சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. சாலைச் சாவுகளைப் பூச்சியத்துக்குக் கொண்டு வருவதே இலக்கு என்று அறிவித்தது. மனிதர்கள் தவறு செய்வார்கள். அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக்கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. எதிரெதிர் தடங்களுக்கு நடுவே கம்பித் தடுப்பு, சந்திப்புகளில் வட்டச் சாலை, குடியிருப்புப் பகுதியில் குறைந்த வேகம் என்று சாலையையே மாற்றி அமைத்தார்கள். 2020இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 204 பேர். அதாவது 1 லட்சத்துக்கு 2 பேர்.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். சிங்கப்பூரில் 2023இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 136 பேர். அங்கேயும் 1 லட்சத்துக்கு 2 பேர் என்ற அளவுதான். அவ்விரு நாடுகளிலும் நம்மைவிட மோட்டார் சைக்கிள்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் பதிவான வாகனங்களில் கிட்டத்தட்டப் பாதி மோட்டார் சைக்கிள்கள். நம் சவால் பெரிது. ஆனாலும் 19க்கும் 2க்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நினைத்துப் பாருங்கள். 1 லட்சத்துக்கு 2 என்ற விகிதம் நமக்கும் வாய்த்திருந்தால், 2019இல் 6,167 பேருக்குப் பதில் சுமார் 650 பேர் இறந்திருப்பார்கள்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த 2020ஆம் ஆண்டில் சாலைச் சாவுகள் 4,634 ஆகக் குறைந்தன. முந்திய ஆண்டைவிட 1,533 குறைவு. சாலைகள் காலியாக இருந்ததே காரணம். எப்போதும் வீட்டிலேயே அடைந்து கிடக்க முடியாதுதான். சாலையில் எல்லாரும் நடமாடும்போதே இதைச் சாதிப்பதுதான் பொறியாளர்களுக்கும் நமக்கும் உள்ள வேலை.

தண்ணீரும் ஒரு சாலைதான்

விபத்து என்றால் சாலை மட்டுமா? 2021இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் மிக அதிகமானோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

பங்களாதேஷில் வீட்டைச் சுற்றிலும் குளங்கள். அம்மா சமையலிலும் அப்பா வயலிலும் மூழ்கியிருக்கும் முற்பகல் வேளையில்தான் குழந்தைகள் தவழ்ந்தும் நடந்தும் குளத்தங்கரைக்குப் போய்விடுகின்றன. ஆய்வாளர்கள் இதைக் கவனித்து, அந்தச் சில மணி நேரம் மட்டும் ஊர்ப் பெண் ஒருவர் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களை ஏற்படுத்தினார்கள். அங்கே சேர்ந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் சாவுகள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஓர் அக்காவும் ஒரு திண்ணையும் போதுமாக இருந்தன. 2 வயதில் காப்பாற்றப்படும் குழந்தைக்கு முன்னே ஏறத்தாழ 70 ஆண்டு வாழ்வு இருக்கிறது. வாழ்நாள் அட்டவணையில் இதைவிடப் பெரிய வரவு வேறேது?

எண் சொல்லாதவை

சராசரி ஆயுள் ஒரு நல்ல அளவுகோல். ஆனால் அது எல்லாவற்றையும் அளப்பதில்லை. விபத்தில் உயிர் பிழைத்து, முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்பவரை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அவர் உயிரோடு இருப்பதால் அட்டவணையில் எந்த மாற்றமும் தெரியாது. உலகில் ஆண்டுக்கு 2 கோடி முதல் 5 கோடி பேர் வரை சாலை விபத்தில் காயமடைகிறார்கள். மகனை இழந்த தாயின் துயரமும், சம்பாதித்துக்கொண்டிருந்த அண்ணனை இழந்து படிப்பை நிறுத்திய தங்கையின் எதிர்காலமும் அந்த எண்ணில் இல்லை.

அதனால்தான் 200 நாள் என்ற விடையைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று கடந்துபோகக்கூடாது என்கிறோம்.

மாணவர்களே, 16 வயது நிறைந்ததும் உங்களில் பலர் மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு விண்ணப்பிப்பீர்கள். அபாயம் மிகுந்த வயதுக்குள் நுழையும் அதே நேரத்தில் சாவியும் கைக்கு வருகிறது. அந்த நாளில் இந்தக் கணக்கு நினைவுக்கு வரட்டும். நீங்கள் 986 பேரில் ஒருவராக இருக்கவே அதிக வாய்ப்பு. ஆனால் அப்படித்தான் அந்த 14 பேரும் நினைத்திருப்பார்கள்.

செய்து பாருங்கள்

வகுப்பில் நண்பர்களுடன் 20 காகிதத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 18 துண்டுகளில் 80 என்று எழுதுங்கள். ஒன்றில் 17, இன்னொன்றில் 2. இவை 20 பேர் இறந்த வயது.

1. சராசரி ஆயுளைக் கண்டுபிடியுங்கள். 72.95 ஆண்டு வரவேண்டும்.

2. 17 வயதுக்காரரைத் தலைக்கவசம் காப்பாற்றிவிட்டது. அவரும் மற்றவர்களைப் போல 80 வரை வாழ்ந்தார். துண்டை மாற்றி எழுதுங்கள். சராசரி 76.1 ஆகிறதா?

3. இப்போது பழைய நிலைக்குத் திரும்புங்கள். இளைஞரைக் காப்பாற்றாமல், 80 வயதுக்காரர்களின் ஆயுளை மட்டும் நீட்டி அதே 76.1ஐப் பெற முயலுங்கள். 18 பேரும் எத்தனை வயது வரை வாழ வேண்டும்?

விடை 83 வயது 6 மாதம். 18 பேரின் முதுமையை மூன்றரை ஆண்டு நீட்ட எத்தனை மருத்துவமனைகள், எத்தனை மருந்துகள், எத்தனை ஆண்டு ஆராய்ச்சி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதே பலனை இங்கே ஒரு தலைக்கவசம் தந்துவிட்டது, தாடைப் பட்டையைச் சரியாக மாட்டியிருந்ததால்.